பரணில் இருந்த நோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, அது எப்போதும் உள்ளதுதான். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

தீபாவளிக்கு அனுப்பிய அதிரசப் பார்சல் திரும்பி வந்துவிட்டது. உன் ஹாஸ்டல் பக்கம் புதுத் தபால்காரர் யாரோ வந்திருக்கிறார் போல, விலாசம் தெரியாமல் திருப்பிவிட்டார். பெட்டி மேல் இந்தியில் ஏதோ எழுதி முத்திரை குத்தியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டலாம் என்றார் அப்பா. நான் பெட்டியைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். அதிரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்த வருஷம் பாகு நன்றாக வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தன. இந்தக் கடிதத்தைக் கலா விலாசத்துக்குத்தான் போடுகிறேன். அவள் விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, அவளையும் திட்டாதே.

"சாப்பிட்டேன்மா, வேலை இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. நாலு மாதமாக அதே நாலு வார்த்தை. சரி, வேலை இருக்கும். வெயிலில் போகும்போது தொப்பி போட்டுக்கொள். காலில் ஷூ இல்லாமல் பாறை இடுக்கில் இறங்காதே.

கார்த்திகைக்கு அகல் எடுக்க அப்பா பரணில் ஏறினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் உன் எம்.எஸ்ஸி. நோட்டு ஒன்று கிடைத்தது. பச்சை அட்டை, ஒரு மூலையைக் கரையான் கடித்திருக்கிறது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. தினம் மத்தியானம் ஒரு பக்கம் படிக்கிறேன். நீ இங்கிலீஷில் எழுதிய இடங்களில் பெயரையும் வருஷத்தையும் மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுகிறேன். உன் கையெழுத்து அப்போது எவ்வளவு குண்டாக இருந்திருக்கிறது.

முதல் பக்கத்தில் ஜபல்பூர், 1828 என்று போட்டிருக்கிறாய். ஸ்லீமன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, தக்கிக் கொள்ளைக்காரர்களைப் பிடித்தாரே அவரேதான், அங்கே ஒரு குன்றில் எலும்புகளைப் பொறுக்கியிருக்கிறார். டைனோசர் என்ற சொல்லே 1842இல்தான் வந்ததாம். அதனால் கையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வாலெலும்பை வைத்து லைடெக்கர் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தது 1877இல். ஓரத்தில் பென்சிலால் நீயே கணக்குப் போட்டு 49 வருஷம் என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாய். அந்த வட்டத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பக்கம் தள்ளி ராஜாசாரஸ். குஜராத்தில் ரையோலிக்குப் பக்கத்தில், நர்மதைப் பள்ளத்தாக்கில், 1982இலிருந்து 84 வரை புவியியல் ஆய்வுத் துறைக்காரர்கள் தோண்டியெடுத்த எலும்பு. எந்தத் துண்டு எந்த இடத்தில் கிடந்தது என்று சுரேஷ் ஸ்ரீவஸ்தவா வரைபடம் போட்டு வைத்திருந்தாராம். பெயர் வைத்தது 2003இல். அதுவரை அத்தனை எலும்பும் சும்மாதான் கிடந்திருக்கிறது. யாரும் போய் அந்த மனிதரிடம் "என்ன சார், இன்னும் முடிக்கவில்லையா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் வீட்டில் கேட்டிருப்பார்கள்.

உன்னிடம் நானும் அதைத்தான் கேட்டேன், போன ஆடியில். கேட்ட விதம் சரியில்லை என்று அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பெரியம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். "ஆறு வருஷமாக முட்டை தேடுகிறாளே, கோழியாக இருந்தால் இத்தனை நேரம் குஞ்சு பொரித்திருக்கும்" என்றாள். அந்த எரிச்சலை உன் மேல் காட்டிவிட்டேன். ஊரெல்லாம் என் மகள் நர்மதைக் கரையில் டைனோசர் முட்டை ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொல்லித் திரிகிறவளும் நான்தான் என்பதை நீ மறக்கக் கூடாது. ரேஷன் கடைக்காரருக்குக் கூடத் தெரியும். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 92 கூடு, 256 முட்டை என்று 2023இல் செய்தி வந்தபோது அவர்தான் பேப்பரை எடுத்து வைத்துக் கொடுத்தார்.

அந்தக் கூடுகளைப் பற்றி நீ போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? கூடுகள் ஒன்றையொன்று ஒட்டி அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் அந்தப் பெரிய உடம்பு உள்ளே நடக்கவே இடமில்லை, அதனால் தாய் முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருக்கும் என்றாய். "என்ன தாய் அது?" என்றேன். "கிட்டே நின்றால்தான்மா முட்டை நசுங்கும்" என்றாய். நீ டைனோசரைத்தான் சொன்னாய் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டைக்குள் முட்டை ஒன்று அங்கே கிடைத்த கதையையும் சொன்னாய். வெளியே வர வேண்டிய முட்டை உள்ளேயே திரும்பிப் போய், அடுத்ததற்குள் அகப்பட்டுக்கொண்டது. பறவைகளுக்குத்தான் அப்படி ஆகும் என்று நினைத்திருந்தார்கள் என்றாய். நம் கறுப்புக் கோழி ஒருமுறை போட்டதே, ஓடு உடைத்தால் உள்ளே இன்னொரு ஓடு. அதை அப்பா துரதிர்ஷ்டம் என்று தூக்கிப் போட்டார். நீ குப்பையில் போய்த் தேடினாய்.

பட்லியா ஊர்க் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. காக்கர் பைரவர் என்று வயலையும் மாட்டையும் காக்கிற சாமியாக அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டை என்று லக்னோவிலிருந்து வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நம் அய்யனார் கோயில் கல்லை இப்போதெல்லாம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறேன். தெரிந்த பிறகும் அவர்கள் கும்பிடுவதை விட்டார்களா என்று நீ சொல்லவில்லை. விடக் கூடாது என்பது என் கட்சி.

பாம்புப் பக்கத்தை மட்டும் மூடி வைத்துவிட்டேன். தோலி டூங்ரியில் முட்டை ஓட்டைச் சுற்றிச் சுருண்ட மூன்றரை மீட்டர்ப் பாம்பு, பக்கத்தில் அரை மீட்டர்க் குஞ்சு. 1980களில் மொஹாபே கண்டெடுத்தபோது எல்லாமே குஞ்சின் எலும்பு என்றுதான் நினைத்தார். 2001இல் வில்சன் வந்து பார்த்துத்தான் இதில் பாம்பின் முதுகெலும்பு இருக்கிறது என்றார். சனாஜே என்று பெயர் வைத்தது 2010இல். பார், தோண்டினவரே சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறார். அதற்காக யாரும் அவரை ஏசவில்லை, பாம்புக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஷூ போடாமல் இறங்காதே என்று நான் சொல்வது இதற்குத்தான். பாம்பு எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது.

கோதாவரிப் பக்கம் கிடைத்த பாராபாசாரஸுக்குத் தாகூர் பெயரைச் சேர்த்த கதையெல்லாம் படித்தேன். தொடையெலும்பே 1.7 மீட்டராம், உன் அப்பா உயரம். ஆறு உடம்பு எலும்பு கிடைத்தும் ஒரு தலை கிடைக்கவில்லை, சில பற்கள்தான். அப்படியும் கொல்கத்தாவில் நிமிர்த்தி நிறுத்திவிட்டார்கள்.

நோட்டில் பாதி நம் ஊர்தான். சாத்தனூர்க் கல்மரம். திராவிடோசாரஸ், அது முள்தகடு டைனோசரா, கடல் பிராணியா என்று இன்னும் சண்டை முடியவில்லை என்று சிரிப்புப் படம் போட்டிருக்கிறாய். குன்னம் ஏரியில் 2020இல் உருண்டை உருண்டையாகக் கிடைத்தபோது முட்டை முட்டை என்று நான் போன் போட, "அது அம்மோனைட்டை, அந்தச் சுருள் ஓட்டுக் கடல் பிராணியைச் சுற்றி மண் இறுகினது, யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதேம்மா" என்று நீ திட்டினாயே. அதற்குள் நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தேன்.

அப்புறம் கல்லமேடு. யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கண்ட ப்ருஹத்காயோசாரஸ். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் 2 மீட்டர். முதலில் கறி தின்னி என்று எழுதி, பிறகு கழுத்து நீண்ட இலைதின்னி என்று மாற்றிக்கொண்டார்கள். உலகத்திலேயே பெரியதாக இருக்கலாம் என்கிறார்கள், ஆனால் காட்ட எலும்பு இல்லை. மாவுக்கட்டுப் போட்டு எடுத்தும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப் பொடியாகிவிட்டது. மிச்சம் படமும் அளவும்தான். அந்தப் பக்கத்தில் நீ ஒன்றும் கிறுக்கவில்லை. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறாய்: கல்லமேட்டில் கிடைத்த ஒரு சின்னப் பல்லை வைத்து 2013இல் கட்டுரை, ட்ரூடான்டிட் என்ற சின்ன டைனோசர் வகை, தெற்குக் கண்டங்களில் முதல் தடவை.

ஒரு பல்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் வேறு என்னவோ எழுதிக்கொண்டிருக்கிறேன். கொத்தனார் போன மாதம் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே. போயிருந்தேன். நீ அவரிடம் பேசாமல் இருந்தது எனக்குத் தெரியும். பதினொரு வயதில் ஆரம்பித்தாய், பெரியவளான பிறகும் தெருவில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

உன் பிஸ்கட் டின்னை அவர் கொட்டவில்லை பாப்பா. நான் கொட்டினேன்.

2006இல் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அரைப்பரீட்சையில் கணக்கில் 31 வாங்கியிருந்தாய். பொம்பளைப் பிள்ளை ஓடையில் ஆம்பளைப் பையன்களோடு மண் கிளறுகிறது என்று ஒருத்தி சத்துணவுக் கூடத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னாள். வீட்டுக்கு வந்தால் தாழ்வாரத்தில் அந்த டின். சமையலறைத் தரைக்குக் கிராவல் கொட்டி நிரவிக்கொண்டிருந்தார்கள். அதில் கவிழ்த்துவிட்டேன். சுருள் கல், சிப்பி, அந்தக் கறுப்புக் கல், ஓரம் அரம் மாதிரி இருக்கும், பல் என்று சொல்லி முகாம் போட்டிருந்த சாரிடம் காட்டப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தாயே, அதுவும். கொத்தனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் பேசாமல் திமிசு போட்டு இடித்தார்.

நீ வந்து அழுதபோது நான் அவர் பக்கம் கையைக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா பாப்பா, தெரியாமக் கொட்டிட்டேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன் என்றாய். நானும் கொடுக்கவில்லை, உன் எதிரே எப்படிக் கொடுப்பது என்று.

அதற்குப் பிறகு நீ வீட்டில் எதையும் வைக்கவில்லை. எதையும் சொல்லவும் இல்லை. நல்ல பிள்ளை, அழுத்தமான பிள்ளை என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்கிருந்து வந்த அழுத்தம் என்று எனக்குத் தெரியும்.

தபால்காரர் மேலும் தப்பில்லை. அந்த இந்தி என்ன என்று கலா சொல்லிவிட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், முடித்தாயா, விட்டாயா, எதையும் நான் கேட்கவில்லை. பெரியம்மா வந்தால் அவளுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பணம் வேண்டுமானால் சொல், என் கணக்கில் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் நேற்று ராத்திரி டின் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. காலையில் எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார். நான் தடுத்துவிட்டேன். கேஸ் மேடைக்கும் கதவுக்கும் நடுவில், இரண்டாவது டைலுக்குக் கீழே என்று இடம் எனக்குச் சரியாகத் தெரியும். ஆனால் கல்லமேட்டு எலும்பு மாதிரி ஆகிவிட்டால்? தண்ணீர் தெளித்துத் தோண்ட வேண்டுமா, காய்ந்தபடியேவா, எவ்வளவு ஆழத்துக்குக் கடப்பாரை, எப்போது பிரஷ், ஒன்றும் தெரியாது எங்களுக்கு. நீ எழுது. இல்லை, வா. சாயங்காலம் பல்லவனில் வந்தால் அரியலூர் ஸ்டேஷனுக்கு அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வருவார். அதுவரை சமையல் பின்கட்டில் விறகடுப்பில்தான், அந்த டைல் மேல் யாரையும் மிதிக்க விடவில்லை.

அம்மா