பழைய டேப்புகளுக்கென்று விற்ற வீடியோ கேப்சர் கருவி ஃப்ரேம்களைத் தவறவிடுவது குறித்துப் புகார்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பழைய டேப்பில் உள்ள படத்தைக் கணினியில் ஏற்றும் உங்கள் யூஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியை வாங்கிய வாடிக்கையாளன் நான். போன், சாட், மின்னஞ்சல், சேவை மையம் என எல்லாப் படியும் ஏறி இறங்கிவிட்டேன். போன இடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். இனி வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டு விஎச்எஸ் வீடியோ டேப்புகளைக் கணினியில் ஏற்றும்போது ஃப்ரேம்கள், அதாவது அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படங்கள், விட்டுப்போகின்றன. பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் வர வேண்டும். வருவதில்லை. என் அப்பா கேமராவைப் பார்த்துக் கையசைக்கும் இடத்தில் கை மேலே இருக்கிறது, உடனே கீழே இருக்கிறது, நடுவில் அசைவே இல்லை. போகப்போகச் சத்தமும் பின்தங்கி, அவர் வாயை மூடிய பிறகுதான் பேச்சு வருகிறது. அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் குரல் இருப்பது அந்த ஒரு டேப்பில்தான்.

இதைச் சொன்னதற்கு உங்கள் உதவி மையத்தில் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "டேப் பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும். இப்ப யார் இதெல்லாம் பார்க்கிறாங்க, தூக்கிப் போடுங்க." சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அழைப்புகளைப் பதிவு செய்வதாகச் சொல்கிறீர்களே, தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள்.

மற்றவர்கள் கணினியைக் குறை சொன்னார்கள். சரி என்று சொன்னதையெல்லாம் செய்தேன். நடுவில் இருந்த யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டுக் கணினியின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகினேன். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் பதியாமல் தனி டிஸ்க்கில் பதிந்தேன். ஆண்டிவைரஸ், வைஃபை, யூஎஸ்பி மின்சேமிப்பு, முன்னோட்டத் திரை எல்லாவற்றையும் அணைத்தேன். 720க்கு 576 புள்ளி அளவில் சுருக்காமல் பதிந்தாலே நொடிக்குச் சுமார் 21 மெகாபைட்தான். யூஎஸ்பி 2.0 அதைத் தாங்கும், என் டிஸ்க்கும் தாங்கும். பதிவு ஓடும்போது பிராசஸர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. இதற்குப் பிறகும் "புதுக் கணினி வாங்குங்க" என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம் அந்தச் சேவை மையம். டேப்பை ஓட்டும் விசிஆரையும் டேப்பையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள், தூக்கிக்கொண்டு போனேன். என் விசிஆரை அவர்கள் தொடக்கூட இல்லை. ஒரு டிவிடி பிளேயரை இணைத்துப் பார்த்து, "படம் சரியா வருது, கருவியில குறை இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிவிடி பிளேயரிலிருந்து வரும் சிக்னல் நேரம் தவறாமல் வரும். விஎச்எஸ் டேப் அப்படியா? டேப் இழுபடும், தேயும், படத்தின் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அந்த ஆட்டத்தில் உங்கள் கருவி சிக்னலின் நேர ஒத்திசைவைத் (sync) தவறவிட்டு ஃப்ரேமையே விட்டுவிடுகிறது. இது என் ஊகம் இல்லை. விசிஆருக்கும் உங்கள் கருவிக்கும் நடுவில் நண்பர் ஒருவரின் பழைய டிவிடி ரெக்கார்டரை, எதையும் பதியாமல், சிக்னல் கடந்துபோகும் வழிப்பாதையாக மட்டும் வைத்தேன். அது நேரத்தைச் சீராக்கி அனுப்பியது. அதே டேப், அதே கணினி, ஒரு ஃப்ரேம்கூட விடவில்லை. ரெக்கார்டரை எடுத்ததும் பழைய கதைதான். பெட்டியின் மேலே "பழைய டேப்புகளுக்காகவே" என்று அச்சடித்திருப்பது நீங்கள்தானே?

உங்கள் மென்பொருளோ ஃப்ரேம் விட்டுப்போனால் வாயே திறப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல்டப் என்ற மென்பொருள் எத்தனை ஃப்ரேம் விட்டது, இடத்தை நிரப்ப எத்தனை நுழைத்தது என்று அங்கேயே எண்ணிக் காட்டுகிறது. உங்களுடையதை நம்பி ஏற்றிய டேப்புகளை எல்லாம் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. ஓட்ட ஓட்டத் தேயும் பொருள் இது. எங்கள் குடும்பத்தின் வரலாறே உங்களால் அழிந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஈடு எந்தப் பணத்தாலும் கட்ட முடியாது.

"தூக்கிப் போடுங்க" என்றாரே, அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நான் சண்டை போட வரவில்லை. உங்கள் பொறியாளர் ஒருவர் உண்மையான விஎச்எஸ் டேப்பை ஓட்டிச் சோதித்துப் பார்க்கட்டும். ஆடும் சிக்னலைத் தாங்கும் கருவியை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். மென்பொருளில் விட்டுப்போன ஃப்ரேம் எண்ணிக்கையைக் காட்டுங்கள். அடுத்து வாங்குபவராவது தப்பிப்பார். 15 நாளுக்குள் பொறுப்பான ஒருவரிடமிருந்து எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ரெக்கார்டருடனும் இல்லாமலும் எடுத்த இரண்டு பதிவுகளும், உங்கள் சேவை மையம் எழுதிக் கொடுத்த தாளும் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரெக்கார்டருடனும் ரெக்கார்டர் இல்லாமலும் எடுத்த பதிவுகள், சேவை மையச் சீட்டின் நகல், வாங்கிய ரசீதின் நகல்