'சோதித்த ஒரிஜினல்' என்று விற்ற போலி போக்கிமான் கார்டு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

போன மாதம் உங்கள் விற்பனைத் தளத்தில் ஒரு போக்கிமான் கார்டு வாங்கினேன். பிள்ளைகள் விளையாடவும் சேர்த்து வைக்கவும் வாங்குகிற படக் கார்டு அது. 1999-ல் ஆங்கிலத்தில் வந்த 'பேஸ் செட்' என்ற தொகுப்பில், பிளாஸ்டாய்ஸ் என்ற போக்கிமானின் கார்டு, எண் 2/102. விலை 6,500 ரூபாய். அதில் 4,000 என் மகன் பொங்கல் காசு, பிறந்தநாள் காசு என்று இரண்டு வருடமாகச் சேர்த்தது. விற்றவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. 'நிபுணர்கள் சோதித்த ஒரிஜினல்' என்று உங்கள் நிறுவனம் ஒட்டிய முத்திரையை நம்பித்தான் வாங்கினோம்.

வந்தது போலி. முதலில் சந்தேகப்பட்டது மகன்தான். "அப்பா, ரொம்ப வழவழன்னு இருக்குப்பா" என்றான். அவனிடம் அதே தொகுப்பின் மாச்சாப் கார்டு ஒன்று இருக்கிறது. நான் ராயபுரத்தில் ஆஃப்செட் அச்சகத்தில் 22 வருடமாக மெஷின் ஓட்டுகிறவன். இரண்டு கார்டையும் அச்சகத்துக்கு எடுத்துப்போய், புள்ளி பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். மாச்சாப்பில் பொடி எழுத்துகூடக் கெட்டிக் கறுப்பாக, ஓரம் கத்தியால் வெட்டினாற்போல இருந்தது. எழுத்தைக் கறுப்பு ப்ளேட்டில் மட்டும் போட்டு அடித்தால் அப்படித்தான் வரும். நீங்கள் அனுப்பிய கார்டில் அதே பொடி எழுத்து நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடந்தது. யாரோ ஒரு கார்டை ஸ்கேன் செய்து, எழுத்தையும் படத்தோடு சேர்த்து நாலு கலரில் அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஓரம். ஒரிஜினலில் இரண்டு தாளுக்கு நடுவே கறுப்பாக ஓர் அடுக்கு இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய பென்சில் கோடு மாதிரி தெரியும். மாச்சாப்பில் தெரிகிறது. உங்கள் கார்டில் முழுக்க வெள்ளை. பலரும் போன் டார்ச்சைப் பின்னால் பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். பிளாஸ்டாய்ஸ் போலப் பளபளப்புத் தாள் வைத்த கார்டில் அது ஆளைக் குழப்பும் என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்களிடம் ஒருவர் உண்மையிலேயே கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இது எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

புகார் செய்ததற்கு, 'முத்திரை பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது' என்று பதில் வந்தது. முத்திரையை பிளாஸ்டிக் உறையின் வாயில் ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் பிரிக்காமல் கார்டின் ஓரத்தை எப்படிப் பார்ப்பது? அதற்கப்புறம் இரண்டு முறை எழுதிவிட்டேன், பதிலே இல்லை. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

6,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். அதே விற்பனையாளரிடம் கார்டு வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களிலும் என் மகனைப் போலப் பிள்ளைகள் இருப்பார்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

கார்டு, உறை, பிரித்த முத்திரை மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆளை அனுப்புங்கள். மாச்சாப்பைப் பக்கத்தில் வைத்து, லென்ஸையும் அவர் கையிலேயே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை