ருசி கண்டவர்களை வீட்டுக்கு அனுப்பிய கதை

கம்மவான்பேட்டை,
வேலூர் மாவட்டம்.

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நைஜீரியாவில், உன் லாகோஸில் ஜூன் 12 ஏன் விடுமுறை என்று விசாரித்து வந்து, "பட்டாளத்தில் இருந்தவர்தானே நீங்கள், ராணுவம் எப்படி அப்பா அரசாங்கம் நடத்தும்?" என்று போனில் கேட்டாய். அதற்குள் லைன் போய்விட்டது. வீட்டுக்கு வீடு பட்டாளத்தான் இருக்கும் ஊர்க்காரன் இதற்குப் பதில் சொல்லாமல் விடலாமா?

1993இல் அதே நாளில் நடந்த அதிபர் தேர்தலில் தொழிலதிபர் அபியோலாவுக்கே வெற்றி முகம். பாபங்கிடாவின் ராணுவ அரசு தேர்தலையே செல்லாது என்றது. பின்னர் வந்த ராணுவ ஆட்சியாளர் அபாச்சா 1998 ஜூன் 8 அன்று இறந்ததும், மறுநாள் ஜெனரல் அப்துல்சலாமி அபூபக்கர் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே அபியோலாவும் காவலில் இறந்துபோனார்.

அந்த ராணுவ ஆட்சியின் உச்சியில் தற்காலிக ஆளும் கவுன்சில் இருந்தது. முழுக்க உயர் அதிகாரிகளின் சபை. நாடாளுமன்றம் கிடையாது, கவுன்சில் போட்ட ஆணைதான் சட்டம். கீழே இருந்த அமைச்சரவையில் சிவிலியன்கள் உண்டு, ஆனால் கடைசிச் சொல் அவர்களுடையது அல்ல. 36 மாநிலங்களுக்கும் ராணுவ நிர்வாகிகள்.

கோளாறே அந்த நிர்வாகிகளிடம்தான். ஒரு கர்னல் மாநிலத்தை ஆளுகிறார், அவருக்கு மூத்த பிரிகேடியர் அதே ஊர் முகாமில் இருக்கிறார் என்று வைத்துக்கொள். யார் யாருக்கு சல்யூட் அடிப்பது? பட்டாளமே மேலோன் கீழோன் என்ற வரிசையில் நிற்பது. அரசாங்கம் நடத்தப் போனால் முதலில் உடைவது அதுதான்.

ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தபோது அடியிலிருந்து தொடங்கினார்கள். 1998 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல், ஜனவரியில் மாநிலங்களுக்கு, பிப்ரவரி 20இல் நாடாளுமன்றத்துக்கு, 27இல் அதிபர் பதவிக்கு. 1999 மே 29 அன்று, அதிபர் தேர்தலில் வென்ற ஒபசாஞ்சோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், புதிய அரசியல் சட்டமும் ராணுவ ஆணையாகவே வந்தது. அதன் முகவுரையோ மக்களாகிய நாங்களே இயற்றினோம் என்கிறது!

ஒபசாஞ்சோவும் பழைய ஜெனரல்தான். 1979இல் ஆட்சியைச் சிவிலியன்களிடம் கொடுத்துவிட்டுப் போனவர். அதிபரானதும் முதல் வேலையாக, ராணுவ ஆட்சியில் அரசுப் பதவி வகித்த 93 அதிகாரிகளை ஓய்வில் அனுப்பினார். தேர்தல் தேதிகளைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாநிலத்தை ஆண்டு ருசி கண்டவன் மறுபடி விடியற்காலை பரேடுக்கு ஒழுங்காக வருவானா? அவர்களில் நல்லவர்களும் இருந்திருப்பார்கள். இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும்.

உன் அலுவலகத்தில் அந்தக் காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய மாநிலத்தின் ராணுவ நிர்வாகி எப்படிப்பட்டவர் என்று கேட்டு எழுது. கொசுவலை இல்லாமல் படுக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா