முன்பணம் கொடுக்கும் முன்

தக்கலை

அன்புள்ள மக்கா,

இங்கு அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால், "நீயே பார்த்து ஒரு முடிவு சொல்லு" என்று இரண்டாவது நிமிடத்திலேயே வைத்துவிடுவாய். நெய்யூர் விடுதியில் தேர்வு அட்டவணையைக்கூட என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள் அல்லவா நீ! அதனால்தான் எழுதுகிறேன். இதை நீயும் படி, மகளையும் மருமகனையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்.

என் மருமகளுக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் புறப்படுகிறாள். இந்த மகிழ்ச்சியைச் சொல்லத்தான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் கல்யாண வீட்டில் உன் நாத்தனார் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. செவிலியரான உன் மகளுக்கு ஜெர்மனி போக 'விரைவு விசா' வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறாராமே? அதற்காகக் குலசேகரத்து ரப்பர் விளையை அடகு வைக்கப்போகிறீர்களாமே? தயவுசெய்து கொஞ்சம் பொறு.

விரைவான வழி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. என் மருமகள் அதன் வழியாகத்தான் போகிறாள். ஆனால் அந்த வழியைத் திறக்கும் உரிமை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ அலுவலகம் வைத்திருக்கும் எவருக்கும் கிடையாது. திறமைப் பணியாளர்களின் குடியேற்றத்துக்காக ஜெர்மனி கொண்டுவந்த சட்டம் 2020 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில்தான் இந்த விரைவு நடைமுறை சேர்க்கப்பட்டது. விண்ணப்பிக்க வேண்டியது வேலை தரும் நிறுவனம். உன் மகள் கையெழுத்திட்டு அனுப்பும் அதிகாரக் கடிதத்தை வைத்துக்கொண்டு, அங்குள்ள மருத்துவமனை அங்குள்ள அயல்நாட்டினர் அலுவலகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அதற்கான அரசுக் கட்டணம் 411 யூரோ, நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின். எங்களுக்கு அதையும் மருத்துவமனையே கட்டியது.

அதன் பிறகு அதிகாரிகளுக்குத்தான் கெடு. அனைத்துச் சான்றிதழ்களும் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள், நம் செவிலியர் படிப்பு அவர்களுடைய படிப்புக்கு எவ்வளவு ஈடானது என்று அங்கீகாரம் வழங்கும் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும். அவர்களுடைய மத்திய வேலைவாய்ப்பு முகமை ஒரு வாரத்துக்குள் மறுக்காவிட்டால், ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படும். பிறகு அயல்நாட்டினர் அலுவலகம் முன்ஒப்புதல் கடிதம் தரும். அதை மருத்துவமனை நமக்கு அனுப்பும். அந்தக் கடிதம் கையில் இருந்தால், விசா விண்ணப்பம் கொடுக்க ஜெர்மன் தூதரகம் மூன்று வாரத்துக்குள் நாள் ஒதுக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் சேர்ந்தபின் பொதுவாக மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். விசாக் கட்டணம் 75 யூரோ. இவற்றில் எந்தப் படியையும் ஏஜென்டால் வேகப்படுத்த முடியாது என்பது இதைப் படிக்கும்போதே உனக்குப் புரியும். அப்படியானால் அந்த மூன்று லட்சம் எதற்கு?

காலம் கரைவது நம் பக்கத்தில்தான், மக்கா. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டில் பயிற்சி என்று பல்கலைக்கழகமோ கல்லூரியோ எழுதித் தரும் விவரம் வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவு, பணி அனுபவச் சான்றிதழ்கள் ஆகியவற்றையும் சேர்த்து, உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஜெர்மனில் பெயர்க்க வேண்டும். ஒரு தாளில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னும் மற்றொன்றில் பின்னும் இருந்தால்கூடக் கேள்வி வரும். நம் ஊரில் இது எத்தனை பேருக்குச் சரியாக இருக்கிறது, சொல்! இவை முழுமையாகச் சேரும்வரை அந்த இரண்டு மாதக் கணக்கே தொடங்காது. எனவே விளையை அடகு வைத்து வாங்கும் வேகத்தைவிட, உன் மகள் இந்த மாதமே கல்லூரிக்குப் போய் அந்த விவரத்துக்கு விண்ணப்பித்துவிட்டால் கிடைக்கும் வேகம் பெரிது.

மொழியும் அப்படித்தான். செவிலியராக முழு அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 நிலை, அதாவது ஓரளவு சரளமாகப் பேசிப் புரிந்துகொள்ளும் அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். என் மருமகள் இரவுப் பணி முடிந்து வந்தும் புத்தகத்தோடு உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதைப் பணம் கொடுத்துக் குறுக்கு வழியில் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடச் சொல். போலிச் சான்றிதழ் என்று தெரிந்தால் விசாவே போய்விடும். தப்பிப் போனாலும், வலியில் முனகும் நோயாளி சொல்வது புரியாமல் ஒரு செவிலியர் படுக்கையருகே நிற்பது எத்தனை ஆபத்து என்று உனக்கும் எனக்கும் வேறு யாராவது சொல்லித் தர வேண்டுமா?

இன்னொன்றையும் அவள் தெரிந்துகொண்டு போக வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முதலில் முழு அங்கீகாரம் கிடைப்பதில்லை. அவர்களுடைய படிப்போடு ஒப்பிட்டால் என்னென்ன குறைகிறது என்ற ஆணைதான் வருகிறது. அங்கே போய்ப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்கும்வரை உதவியாளராகத்தான் வேலை, சம்பளமும் அதற்கேற்பக் குறைவு. அந்த மாதங்களில் இங்குள்ள வட்டியையும் அவள் கட்ட வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. கணவனையும் பேரனையும் இதே நடைமுறையில் சேர்க்க விதியில் இடமுண்டு. ஆனால் வீடும் வருமானமும் போதும் என்று காட்ட வேண்டும். முதலில் அவள் போய் நிலைகொள்ளட்டும் என்பதே என் எண்ணம்.

ஏஜென்டைப் பற்றி நான் கடுமையாகத்தான் சொல்வேன். நம் நாட்டின் 1983 குடியேற்றச் சட்டத்தின்படி, ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் சேவைக்காக வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் மருமகனே பார்த்துவிடலாம். செவிலியரிடம் பணம் வாங்கக் கூடாது, செலவை வேலை தருகிறவர் ஏற்க வேண்டும் என்ற விதியைக் கொண்ட நியாயமான பணியமர்த்தலுக்கான அரசு முத்திரையே ஜெர்மனியில் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் வெளிநாட்டில் வாழும் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டுச் செவிலியரை அனுப்புகிறது. நம் மாநிலத்திலும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. இத்தனை வாசல்கள் இருக்க, வீடு வீடாகச் சென்று நகையையும் நிலத்தையும் கணக்குப் பார்க்கிறவர்களை நம் ஊர் ஏன் இவ்வளவு நம்புகிறது என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் அவரிடம் கொடுத்திருந்தால் நாளைக்கே திரும்ப வாங்கிவிடு. பிறகு வேலை தரும் ஜெர்மன் மருத்துவமனைக்கு உன் மகளே நேரடியாக மின்னஞ்சல் எழுதட்டும்: விரைவு நடைமுறைக்கு நீங்களே விண்ணப்பிப்பீர்களா, கட்டணம் யாருடையது, இடையில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்கட்டும். பதில் எழுத்தில் வர வேண்டும். வந்ததும் சான்றிதழ் நகல்களோடு அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பு. மருமகள் புறப்படுவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துவிடுவார்கள்.

அதுவரை விளைப் பத்திரம் உன் அலமாரியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அறைத்தோழி