ஃபேரி ராஸுக்கு அக்கம்பக்கம்

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே தோட்டத்து மாரியம்மன் திருவிழா நல்லபடியாக முடிந்தது. நம்மோடு படித்தவர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள், உன்னைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

சரி, மீன் விஷயம். நாலடி உப்புநீர்த் தொட்டி தயார், ஃபேரி ராஸ் என்ற அந்தப் பவளப்பாறைக் கடல்மீனை விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். தாராளமாக விடு. பவளத்தைத் தொடாத மீன் அது. தண்ணீரில் மிதந்து வரும் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடித்துத் தின்கிற வகை என்பதால், மைசிஸ் என்ற பொடி இறாலைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு இரண்டு மூன்று வேளை போடு. ஆனால் கூடவே சிக்ஸ்லைன் ராஸ், டாட்டிபேக் என்ற மீன்களையும் வாங்கப் பார்க்கிறாயே, அது மட்டும் வேண்டாம்டா. இரண்டும் ஆள் சின்னது, குணம் முரடு. புதிதாக வந்ததை மூலை மூலையாகத் துரத்தும். விரட்டுப்பட்ட ஃபேரி ராஸ் பாறை இடுக்கை விட்டு வராது, இரை எடுக்காது, நிறமும் மங்கிப்போகும். க்ளவுன், பங்காய் கார்டினல், கோபி, ஃபயர்ஃபிஷ் மாதிரி மீன்கள் என்றால் பிரச்சினை இல்லை. பயந்த சுபாவமுள்ள ஃபயர்ஃபிஷை முதலில் விட்டுப் பழக்கு.

ஒரே இனத்தில் இரண்டு ஆண் வேண்டாம். இவற்றில் பெண்தான் வளர்ந்து ஆணாக மாறும், கூட்டத்தில் பெரியது எதுவோ அது. அதனால் இரண்டு மூன்று பெண்ணை விட்டு, ஆணைக் கடைசியில் சேர். பெண் இருந்தால்தான் ஆணின் அழகே தெரியும். என் தொட்டியில் சாயங்காலம் விளக்கு மங்கும் முன்னால் ஆண் முதுகுத் துடுப்பை விறைப்பாக விரித்துக்கொண்டு பெண்களுக்குக் குறுக்கே சர்ரென்று பாயும். அந்தச் சில நொடிக்கு உடம்பில் நிறம் பளீரென ஏறும், நின்றதும் இறங்கிவிடும். முரட்டு மீன் இருக்கிற தொட்டியில் இந்த ஆட்டத்தைப் பார்க்கவே முடியாது. நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

ராத்திரி மணலில் புதையாது. பாறைச் சந்தில் தன்னைச் சுற்றிச் சளி போல ஒரு உறை கட்டிக்கொண்டு தூங்கும். காலையில் அந்தச் சவ்வு மிதந்தால் நோயோ என்று பதறாதே.

அப்புறம் மூடி. இது துள்ளுகிற மீன், சின்ன இடைவெளி போதும், காலையில் தரையில் கிடக்கும். அதற்காகக் கண்ணாடியால் மூடிவிடாதே. நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் வெந்துபோகும், இதற்கு 25, 26 டிகிரிதான் சுகம். அலுமினியச் சட்டத்தில் கால் அங்குலக் கண் வலை போட்டால் மீனும் தாண்டாது, காற்றாடிக் காற்றும் தண்ணீர்மேல் படும். காற்று பட்டால் நீர் ஆவியாகிச் சூடு இறங்கும், உப்பு மட்டும் தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் தினமும் ஊற்றி, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025-இல் நிற்கிறதா என்று பார். மத்தியான வெயிலுக்குக் காற்றாடி பற்றாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்துக்கும் பணம் ஒதுக்கி வை.

இன்னொன்று, உனக்குப் பிடிக்கும். 2022-இல் மாலத்தீவுக் கடலில் ரோஜா நிறத்து ஃபேரி ராஸ் ஒன்றைப் புதிய இனமென்று அறிவித்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவர் அந்த நாட்டுக்காரரே, அகமது நஜீப். மாலத்தீவு மீன் ஒன்றை அந்த நாட்டு ஆய்வாளரே சேர்ந்து விவரித்துப் பெயர் சூட்டியது அதுதான் முதல்முறையாம்.

தொட்டியின் நீள அகலத்தை அளந்து எழுது. வலைச் சட்டத்தை இங்கேயே அடித்து, அடுத்த மாதம் கிள்ளான் வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லயத்துக் கூட்டாளி