அப்பாயி பெயரில் நிழற்குடை வேண்டாம், நூலகத்தைத் திறந்து கொடுங்கள்

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வரப்போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் அத்தைமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

வணக்கம். அப்பாயியின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை கட்டி அவர் பெயரை எழுதலாம் என்று நீங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்த மனசை எங்கள் குடும்பம் மறக்காது. ஆனாலும் வேறொன்று கேட்கத்தான் இந்த மடல்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அப்பாயிக்கு 38 வயது. எட்டாவது வரை படித்தவர். சம்பளம் கிடையாது, ராத்திரியில்தான் வகுப்பு என்று தெரிந்தே தொண்டராகச் சேர்ந்தார். பகலெல்லாம் கல் உடைத்தும் களையெடுத்தும் வந்த பெண்கள் மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். அப்பாயி முதலில் எழுதிக் காட்டுவது 'பட்டா' என்ற சொல்லைத்தான். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் அந்தக் காகிதத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த வீடுகள் அப்போது ஏராளம். ஒரு கிழவி தன் வீட்டுப் பட்டாவையே எடுத்துவந்து, விளக்கடியில் விரித்து, செத்துப்போன புருஷன் பெயரை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தாராம். அன்றைக்கு அதற்குமேல் பாடம் நடக்கவில்லை என்பார் அப்பாயி.

அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் படிப்போடு சைக்கிளும் ஓட்டப் பழக வேண்டும் என்று அதை இயக்கத்தின் வேலையாகவே ஆக்கினார். லேடீஸ் சைக்கிள் கிடைப்பது அரிது. அப்பாயி பழகியது தாத்தாவின் சைக்கிளில், விடியும் முன், கண்மாய்க் கரையில். முழங்கால் தழும்பைக் கடைசிவரை காட்டிக் காட்டிச் சொல்வார். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் மணியடித்துக்கொண்டு போனார்.

பிற்பாடு வசதி வந்தபோதும் அந்தச் சைக்கிளை அவர் மாற்றவில்லை. முன்பக்க பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அதில் துண்டைச் சுற்றி என்னையும், அப்புறம் தம்பியையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் கடைப் பலகை, சுவர் விளம்பரம், ஒன்றையும் விடாமல் வாசிக்கச் சொல்வார். கால் மரத்துப்போய் இறக்கிவிடச் சொன்னால், "அந்த மைல்கல்லுல என்ன போட்டிருக்கு, சொல்லு, இறக்கி விடுறேன்" என்பார். எனக்கு எழுத்து வந்தது அந்த ரோட்டில்தான்.

உங்களில் பலருக்கு அவர் மனு எழுதிக் கொடுத்திருப்பார். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு, மகளிர் குழுக் கடன் என்று எதுவானாலும் எழுதுவார். ஆனால் கைநாட்டு மட்டும் வைக்க விடமாட்டார். அதற்காக அவரோடு நான்கு மாதம் பேசாமல் இருந்த அத்தை ஒருவர், வங்கியில் தன் பெயரை முதல்முறை எழுதிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாயி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது.

2018 நவம்பர் 16 உங்களுக்கு நினைவிருக்கும். கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்பாயி பரணிலிருந்து அறிவொளிக் காலத்து அரிக்கேன் விளக்கை இறக்கித் துடைத்தார். 65 வயதில் வீடு வீடாகப் போய், யார் வீட்டுக் கூரை போயிற்று, எத்தனை மரம் விழுந்தது என்று ஒரு நோட்டு நிறைய எழுதினார். எங்கள் வீட்டுக் கணக்கு அதில் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நம் ஊருக்கும் ஒரு நூலகம் கிடைத்தது. இன்றைக்கு அது பூட்டிக் கிடக்கிறது, உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். அதைத் திறக்கச் சொல்லிக் கடைசி இரண்டு வருடத்தில் மூன்று முறை மனு கொடுத்தார் அப்பாயி. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர், தன் மனுவுக்குப் பதில் வராமலேயே போய்ச் சேர்ந்தார். எனக்கு இதுதான் ஆறவில்லை.

கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை நூலகம் திறந்திருக்கட்டும். நிழற்குடைக்கு என்று நினைத்திருந்த பணத்தில் கூரை ஒழுகலை அடைத்து, நாலு பெஞ்சும் நல்ல விளக்கும் போடலாம். நூறு நாள் வேலைக்குப் போகும் அத்தைமார்களில் இன்னும் கைநாட்டு வைப்பவர்கள் இருக்கிறீர்கள். வாருங்கள், நான் சொல்லித் தருகிறேன். முதல் ஒரு வருடம் நானும் தம்பியும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். அப்பாயி பெயரை எங்கேயும் எழுத வேண்டாம்.

அவர் சைக்கிளுக்கு டயரும் டியூபும் மாற்றியாயிற்று. நூலக வாசலில் நிறுத்துகிறோம், ஓட்டிப் பழக நினைக்கும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும். நூலகச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெரு அறிவொளி அக்காவின் பேத்தி