தோட்ட மண்டபக் கூரை: மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என மலாய் மொழியில் இரண்டு மனு கொடுத்தோம். பதில் இல்லை. நீங்களும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

பழைய ரப்பர் பால் ஸ்டோருக்கு எதிரே, மாரியம்மன் கோயிலை ஒட்டி நிற்கும் மண்டபம் உங்களுக்குத் தெரிந்ததுதான். செவ்வாய், வெள்ளி இரவுகளில் அங்கே 14 பிள்ளைகளுக்குக் கோரஸ் பாடக் கற்றுத் தந்து வந்தேன்.

1. மேடைக்கு நேர் மேலே தகரத்தில் மூன்று ஓட்டை. கீழே பெயிண்ட் வாளி வைத்திருக்கிறோம். சொட்டு தாளம் தப்பாமல் விழுகிறது; எங்களில் சிலருக்குத்தான் தப்புகிறது.

2. அந்தத் தண்ணீர் சுவரோடு இறங்கி சுவிட்ச் பெட்டிக்குள் போகிறது. போன மாதம் மைக்கைப் பிடித்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கரண்ட் அடித்தது. கையை உதறிவிட்டாள், பிழைத்தாள். அன்று முதல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தில், மைக் இல்லாமல் பாடுகிறோம். மழை பிடித்தால் அதுவும் போச்சு. தகரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் குரலே கேட்காது. நம் ஊரில் எத்தனை சாயங்காலம் மழை இல்லாமல் போகிறது, நீங்களே சொல்லுங்கள். 14 பேர் இப்போது 6 பேர்.

3. "அவரவர் வீட்டில் பாடிப் பழகலாமே" என்றார் கவுண்டரில் இருந்தவர். தனியாகப் பாடுகிறவருக்கு அது சரி. கோரஸ் என்றால் பக்கத்துக் குரலோடு தன் குரலைக் கரைக்க வேண்டும். அதை வீட்டில் யாரோடு கரைப்பது? எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா சென்னை ஸ்டூடியோக்களில் தன் தாயாரோடு கோரஸில் நின்றவர். அந்தக் காலத்தில் வாத்தியம், பாட்டு, கோரஸ் எல்லாம் ஒரே மூச்சில் பதிவு. பின்வரிசையில் ஒருத்தி சறுக்கினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும். அத்தனைக்கும் கோரஸ்காரர் பெயரைப் படத்தில் போட மாட்டார்கள். அங்கே நின்று பழகிய குரல்தான் 1961-இல் பாசமலர் கல்யாணப் பாட்டில் ஊருக்கே தெரிந்தது. அந்தப் பாட்டிலும் அவருக்குப் பின்னால் பெயரில்லாத ஒரு கோரஸ் உண்டு, கேட்டுப் பாருங்கள். திருவிழா விடியலில் நம் கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டாக வருவதும் அவர் குரல்தான். அது மட்டும் எல்லாருக்கும் வேண்டும்!

4. தகரத்தை நாங்களே வாங்குகிறோம் என்றோம். அனுமதி இல்லாமல் கூரையில் ஏறக் கூடாதாம். சரி, அனுமதி கொடுங்கள் என்றால், ஆள் வந்து பார்க்க வேண்டுமாம். ஆள் எப்போது வருவார் என்றால் தெரியாதாம். நாங்கள் என்னதான் செய்வது?

5. சுவிட்ச் பெட்டி ஐயா. முதலில் அது.

தயவுசெய்து கூரையையும் பெட்டியையும் சரிசெய்து கொடுங்கள், இல்லையென்றால் எங்களையாவது செய்ய விடுங்கள். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு நேரில் வாருங்கள். வரும்போது டார்ச் லைட் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கோரஸ் வகுப்பு ஆசிரியை